40 வரி எங்கே குடிபோகும்? கொலுசுப் பட்டறைக்கும் காபித் தோட்டத்துக்கும் பொதுவான மென்பொருளுக்கு உரிமம் தேர்வது

சேலத்தில் சிவதாபுரத்திலோ பனங்காட்டிலோ உள்ள ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி கொடுத்த வெள்ளி எத்தனை கிராம், என்ன டச் (தூய்மைச் சதவீதம்), கொலுசாகத் திரும்பிப் போனது எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு. வேலை இவ்வளவுதான். அதே சமயம் ஏற்காடு மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்துக்கு வேறொரு குழு ஆப் எழுதுகிறது. யார் எத்தனை கிலோ பழம் பறித்தார் என்று எடைபோட்டுக் கூலி போடும் ஆப் அது. தொழில் வேறு, ஆட்கள் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு தராசு இருக்கிறது.

அந்தத் தராசின் பின்னால், எடையைக் கணினிக்கு அனுப்பும் ஆர்எஸ்-232 என்னும் சீரியல் துளை இருக்கும். பெரும்பாலும் 9600 பாட் வேகம், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். அதன் வழியே வரும் வரியில் எடை நின்றுவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்று சொல்லும் எழுத்து, கூட்டல் கழித்தல் குறி, எண், அலகு எல்லாம் இருக்கும். இவை எந்த வரிசையில் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதைப் படித்து எண்ணாக்கும் நிரல் சுமார் 40 வரி. முதலில் அது கொலுசு ஆப்புக்குள் இருக்கும். மலையிலிருப்பவர்களும் கேட்டதும், பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் தனி லைப்ரரியாகும். பிறகு ஆப்களுக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்கும் தேவைப்படும். ஒரு நாள் தராசு விற்பவரே தன் பில்லிங் மென்பொருளில் சேர்க்கலாமா என்று கேட்பார்.

இந்த நிரலையெல்லாம் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டால், யார் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம் ஒன்று வேண்டும். உரிமம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு அட்டவணையைக் கொடுக்கும்: இதோடு அது சேரும், சேராது. அந்த அட்டவணை, இரண்டையும் சேர்த்து ஒரே மென்பொருளாக வெளியிடலாமா என்ற கேள்விக்குத்தான் பதில். இப்படி நிரலைப் பகிர்ந்துகொள்ளும் உறவுக்காரத் திட்டங்களில் சிக்கல் வருவது வேறு இடத்தில். ஒரு ரெப்போவில் (ஒரு திட்டத்தின் நிரல் கிடங்கில்) பிறந்த 40 வரி இன்னொரு ரெப்போவுக்குக் குடிபோக முடியுமா என்பதே அங்கே கேள்வி. சேர்ப்பது ஒருமுறை நடப்பது, குடிபோவது வாரந்தோறும் நடப்பது.

பட்டறைக்காரர்களுக்கு உலோகத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். 92 டச் வெள்ளி 1 கிலோவையும் 70 டச் வெள்ளி 1 கிலோவையும் ஒன்றாக உருக்கினால் 81 டச்சில் 2 கிலோ கிடைக்கும். உரிமத்தில் சராசரி கிடையாது. அறிவிப்பு வாசகத்தை மட்டும் கேட்கும் எம்ஐடி உரிமத்தில் 10,000 வரியும், முழு மூலநிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் 100 வரியும் ஒரே மென்பொருளாகச் சேர்ந்தால், வெளியே போகும் மென்பொருள் முழுக்க ஜிபிஎல் நிபந்தனைக்குள் வந்துவிடும். எம்ஐடி வரிகள் தனியே எடுத்தால் எம்ஐடியாகவே இருக்கும், ஆனால் கட்டி என்னவோ ஜிபிஎல்தான்.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே நேர்செய்துவிடுகிறேன். தமிழ்ச் செய்திகளில் காப்புரிமை என்ற ஒரே சொல் எழுத்துக்கான உரிமைக்கும் கண்டுபிடிப்புக்கான உரிமைக்கும் புழங்குகிறது. உரிமங்களில் இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். கீழே பார்க்கப்போகும் மோதல்களில் ஒன்று முழுக்க இரண்டாவதால் வருவது. ஆகவே இங்கே முதலாவதைப் பதிப்புரிமை என்றும் இரண்டாவதைப் பேட்டன்ட் என்றும் சொல்கிறேன்.

நிரல் நகரும் திசை

தளர்ந்த (நிபந்தனை குறைந்த) உரிமத்திலிருந்து இறுகிய (நிபந்தனை கூடிய) உரிமத்துக்கு நிரல் போகும், திரும்பி வராது. எம்ஐடி, பிஎஸ்டி, ஐஎஸ்சி ஆகியவை ஒரு முனை. அடுத்து அப்பாச்சி 2.0. பிறகு எம்பிஎல் 2.0, எல்ஜிபிஎல், ஜிபிஎல், மறுமுனையில் ஏஜிபிஎல். நடுவில் சில படிகளில் கால் இடறும். அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

இந்த ஒருவழித்தனம் உறவுக்காரத் திட்டங்களை என்ன செய்யும் என்பதற்கு லிப்ரேஆபீஸ், அப்பாச்சி ஓப்பன்ஆபீஸ் என்னும் இரண்டு அலுவலக மென்பொருள்கள் சாட்சி. இரண்டும் ஒரே வேரில் வந்தவை. 2010-ல் லிப்ரேஆபீஸ் பிரிந்தது. 2011-ல் ஆரக்கிள் நிறுவனம் ஓப்பன்ஆபீசை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஓப்பன்ஆபீசின் உரிமம் அப்பாச்சி 2.0, லிப்ரேஆபீசின் புது நிரல் எம்பிஎல் 2.0. ஆகவே ஓப்பன்ஆபீசில் நடக்கும் திருத்தத்தை லிப்ரேஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரேஆபீசில் நடக்கும் திருத்தத்தை ஓப்பன்ஆபீஸ் தன் மூலநிரலில் சேர்க்க முடியாது, அப்பாச்சி அறக்கட்டளையின் விதி இடம் தராது. வாய்க்காலில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் ஓடினால் எந்த வயல் விளையும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தராசு லைப்ரரி

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான். முதலில் இதற்கு உரிமத்தை முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியும் ஆப்பிலிருந்து தொடங்குவார்கள். அது தலைகீழ்.

எம்ஐடி போட்டால் யாரும் எங்கும் பயன்படுத்தலாம். தராசு விற்பவரும் சேர்த்துக்கொள்வார். புதிய தராசு மாடலுக்கு அவர் செய்யும் திருத்தம் மட்டும் நமக்குத் திரும்பி வராமலே போகலாம். இந்த லைப்ரரியின் மதிப்பே எத்தனை மாடல்களின் வரியமைப்பு அதற்குத் தெரியும் என்பதில்தான் இருக்கிறது. திருத்தம் திரும்ப வராத உரிமம் இங்கே நஷ்டம்.

எல்ஜிபிஎல் அந்த நோக்கத்துக்குப் பிறந்ததுதான், ஆனால் காலம் மாறிவிட்டது. லைப்ரரியைத் திருத்தி மறுபடி இணைத்துப் பார்க்கப் பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. தனிக் கோப்பாக நிற்கும் டிஎல்எல் மாதிரி இருந்தால் சுலபம். ரஸ்ட், கோ மொழிகளில் எல்லாம் ஒரே பைனரியாக (இயங்கும் கோப்பாக) இறுகிப்போவதுதான் வழக்கம். அங்கே மூடிய மென்பொருள் விற்பவர் தன் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் (இணைப்பதற்கு முந்தைய நிலைக் கோப்புகள்) சேர்த்துத் தர வேண்டிவரும். பாதிப் பேர் இதைப் படித்துவிட்டு லைப்ரரியையே தொடமாட்டார்கள். மீதிப் பாதி படிக்காமல் மீறுவார்கள்.

ஆகவே எம்பிஎல் 2.0. 2012-ல் வந்த இந்த உரிமம் கோப்பு அளவில் வேலை செய்கிறது. எம்பிஎல் கோப்பில் கை வைத்து வெளியிட்டால் அந்தக் கோப்பின் மூலநிரலைத் தர வேண்டும். பக்கத்தில் உள்ள மற்ற கோப்புகள் எந்த உரிமத்திலும் இருக்கலாம், எப்படி இணைத்தாலும் சரி. அதன் 3.3 பிரிவு ஜிபிஎல் 2, எல்ஜிபிஎல் 2.1, ஏஜிபிஎல் 3 ஆகியவற்றோடும் அவற்றின் பிந்தைய பதிப்புகளோடும் சேர வழி திறந்து வைத்திருக்கிறது. ஒரே எச்சரிக்கை: உரிமத்தின் பின்னிணைப்பு பி-யில் "இரண்டாம்நிலை உரிமங்களோடு சேராது" என்ற அறிவிப்பு உண்டு. வார்ப்புருவை முழுதாக ஒட்டும்போது தவறி அதையும் கோப்பின் தலையில் ஒட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எம்பிஎல்லுக்கும் ஓட்டை உண்டு. புது மாடலுக்கான நிரலைத் தனிக் கோப்பில் எழுதி மூடி வைத்துக்கொள்ளலாம். அதனால் வரியமைப்புகள் எல்லாம் ஒரே அட்டவணைக் கோப்பில் இருக்கும்படி லைப்ரரியை வடிவமையுங்கள். புது மாடல் சேர்க்க வேண்டுமானால் அந்தக் கோப்பைத்தான் திருத்தியாக வேண்டும். உரிமம் செய்யாததை கோப்பமைப்பு செய்யும்.

டச், சேதாரம், கூலி கணக்கிடும் லைப்ரரி இன்னொன்று. அதற்கும் எம்பிஎல் 2.0-தான். அதை மட்டும் அப்பாச்சியாக வைப்போமே என்று தோன்றும். வேண்டாம். எடையை எத்தனை தசமம் வரை முழுமையாக்குவது என்ற நிரல் எந்த லைப்ரரியில் இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் கழித்து மனம் மாறும். எம்பிஎல்லில் இருந்து அப்பாச்சிக்கு அதை நகர்த்த எழுதியவர்கள் எல்லோரிடமும் அனுமதி கேட்க வேண்டிவரும். ஒன்றுக்கொன்று நிரல் கொடுத்து வாங்கும் பகுதிகளுக்கு ஒரே உரிமம் போடுவது அழகுக்காக அல்ல.

தராசு என்றதும் இன்னொன்று: முத்திரையிட்ட தராசின் உள்ளே கை வைக்கும் எண்ணமே வேண்டாம், அது எடையளவுச் சட்டத்தின் எல்லை. இந்த லைப்ரரி வெளியே வரும் வரியைப் படிப்பதோடு நிற்க வேண்டும்.

மேல்தட்டு: சர்வரும் இரண்டு ஆப்களும்

சர்வருக்கு ஏஜிபிஎல் 3. யாராவது சர்வரைத் திருத்தி இணையத்தில் வாடகைச் சேவையாக நடத்தினால், அதைப் பயன்படுத்தும் பட்டறைக்காரர்களுக்குத் திருத்திய மூலநிரலைத் தர வேண்டும் என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. வெறும் ஜிபிஎல்லில் இந்தக் கடமை இல்லை, பைனரியைக் கைமாற்றினால் மட்டுமே கடமை. திருத்தாமல் அப்படியே ஓட்டுபவருக்கு 13-ஆம் பிரிவு சுமை எதுவும் ஏற்றுவதில்லை.

ஆப்களுக்கு ஜிபிஎல் 3 போதுமே என்பது நியாயமான வாதம். ஜிபிஎல் 3-ம் ஏஜிபிஎல் 3-ம் ஒன்றோடொன்று இணையலாம் என்று இரண்டு உரிமங்களுமே எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் நமது கேள்வி நகர்வது பற்றியது. சர்வரில் எழுதிய தேதிவாரி அறிக்கை நிரல், சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் ஆப்பிலேயே ஓட வேண்டும் என்று ஒரு நாள் தேவை வரும். அந்தக் கோப்பு ஆப்புக்குள் வந்தாலும் ஏஜிபிஎல்லாகவே இருக்கும். பிறகு ஆப்பின் உரிமம் கோப்புக்குக் கோப்பு மாறும். எனவே ஆப்களும் ஏஜிபிஎல் 3 அல்லது பிந்தையது. ஆக மொத்தம் இரண்டே உரிமம், கீழே எம்பிஎல், மேலே ஏஜிபிஎல்.

"அல்லது பிந்தையது" என்ற சொற்றொடரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜிபிஎல் 2 வந்தது 1991-ல், 3 வந்தது 2007-ல். "பதிப்பு 2 மட்டும்" என்று எழுதியவர்களால் பதிப்பு 3 நிரலோடு சேர முடியவில்லை. லினக்ஸ் கெர்னல் இன்றும் 2 மட்டும்தான். லைசென்ஸ் கோப்பை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது, இரண்டிலும் அதே ஜிபிஎல் 2 வாசகம்தான் இருக்கும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

கால் இடறும் படி இதுதான். அப்பாச்சி 2.0 உரிமம், பேட்டன்ட் வழக்குப் போடுபவருக்குத் தான் தந்த பேட்டன்ட் அனுமதியைப் பறிக்கிறது. இதைக் கூடுதல் நிபந்தனையாகக் கருதுவதால் ஜிபிஎல் 2-வோடு அது ஒத்துப்போகாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. ஜிபிஎல் 3-வோடு ஒத்துப்போகும். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் பொதிந்து போகும் ஆண்ட்ராய்டுஎக்ஸ், காட்லின் லைப்ரரிகள் இரண்டும் அப்பாச்சி 2.0. எங்கிருந்தோ எடுத்த "ஜிபிஎல் 2 மட்டும்" நிரலை ஆப்பில் சேர்த்தால் ஏபிகே கோப்பு (நிறுவத் தயாரான ஆண்ட்ராய்டு ஆப்) உருவாகும்போதே மோதல் உள்ளே உட்கார்ந்துவிடும். ஈஎஸ்பி32 சில்லில் தராசுக்கும் போனுக்கும் இடையே ஒரு சின்னப் பெட்டி செய்தாலும் இதே கதை, அந்தச் சில்லுக்கு நிரல் எழுத உதவும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் அப்பாச்சி 2.0. சீரியல் துளையைப் படிக்க லிப்சீரியல்போர்ட் என்னும் லைப்ரரியை எடுத்தால் அது எல்ஜிபிஎல் 3, அதுவும் "2 மட்டும்" நிரலோடு சேராது. பைத்தானில் பைசீரியல் பிஎஸ்டி உரிமம், தொல்லை இல்லை.

இன்னொரு பொறி பில் அச்சிடும் இடத்தில். பிடிஎஃப் செய்யப் பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து ஐடெக்ஸ்ட் லைப்ரரியைச் சேர்ப்பார்கள். 2009-ல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து ஐடெக்ஸ்ட் ஏஜிபிஎல். பைமியூபிடிஎஃபும் அப்படித்தான். நமது மேல்தட்டு ஏஜிபிஎல் என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. அதையே கீழே கணக்கு லைப்ரரியில் சேர்த்தால், அதை எடுத்துக்கொண்ட தராசு வியாபாரி தன்னையறியாமல் ஏஜிபிஎல்லில் மாட்டிக்கொள்வார். சார்புகளை (நம் மென்பொருள் நம்பியிருக்கும் பிறருடைய லைப்ரரிகளை) சேர்க்கும்போது "இந்த மென்பொருளுக்குச் சரியா" என்று கேட்டால் போதாது, "இந்தத் தட்டுக்குச் சரியா" என்று கேட்க வேண்டும்.

ஐபோனில் வெளியிட நினைப்பவர்கள் விஎல்சி வீடியோ பிளேயரின் கதையைப் பார்க்கலாம். அது 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கியது, ஜிபிஎல் நிபந்தனையும் கடையின் நிபந்தனையும் ஒத்துப்போகவில்லை என்பதே காரணம். 2013-ல் ஐபோன் ஆப் எம்பிஎல், ஜிபிஎல் என்ற இரட்டை உரிமத்தோடு திரும்பியது. நமது ஆப்பிலும், எழுதியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால், ஏஜிபிஎல் 3-ன் 7-ஆம் பிரிவின்படி கடைக்கான கூடுதல் அனுமதி ஒன்றை எழுதிச் சேர்க்கலாம். முதல் நாளே சேர்ப்பது மலிவு.

மேலிருந்து கீழே இறக்குவது

சர்வரில் ஒருவர் சேதாரக் கணக்கில் ஒரு பிழையைத் திருத்துகிறார். அது உண்மையில் கீழே லைப்ரரியில் இருக்க வேண்டிய திருத்தம். ஏஜிபிஎல்லில் வந்ததை எம்பிஎல்லுக்கு இறக்க அவரைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு முறையும் போன் போட்டுக் கேட்பதற்குப் பதில், பங்களிப்பு விதிகள் கோப்பில் ஒரு வரி போதும்: "இந்த ரெப்போவுக்கு அனுப்பும் திருத்தத்தை ஏஜிபிஎல் 3 அல்லது பிந்தையது, எம்பிஎல் 2.0 ஆகிய இரண்டு உரிமங்களிலும் அளிக்கிறேன்." கூடவே ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவாகும் ஒவ்வொரு திருத்தத்திலும்) ஒப்புதல் வரி. இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லும், 2004-ல் லினக்ஸ் கெர்னலுக்காக வந்த டிசிஓ என்னும் சான்றுரைதான் அது. கிட் கமிட் கட்டளையில் மைனஸ் எஸ் சேர்த்தால் வரி தானாக வந்துவிடும்.

இது நமக்கு அனுப்பப்படும் திருத்தங்களுக்கு மட்டும். வேறொருவர் சர்வர் நிரலை ஃபோர்க் செய்து (தனி நகலாகப் பிரித்து) தன்னிடமே வைத்திருக்கும் திருத்தம் ஏஜிபிஎல் மட்டும்தான், அதைக் கீழே இறக்க முடியாது.

பதிப்புரிமையையே எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். கால அளவு சொல்லாமல் எழுதி வாங்கினால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். அமெரிக்க வார்ப்புருவை அப்படியே ஒட்டுபவர்களுக்கு இது தெரிவதில்லை. "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும்" என்று எழுத்தில் இருக்க வேண்டும். 17-ஆம் பிரிவும் முக்கியம். வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளி. கம்பெனியில் வேலை செய்துகொண்டே புல் ரெக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புபவரிடம் அவருடைய கம்பெனி அனுமதித்ததா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். கல்லூரி மாணவர் ஊழியர் இல்லை, அவர் எழுதியது பொதுவாக அவருடையதே. புராஜெக்ட் படிவத்தில் வேறு எதிலாவது கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிரல் அல்லாதவை

எழுத்துருவில் தடுமாறுபவர்கள் நிறைய. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் 1.1 உரிமத்தில் உள்ளன. எந்த உரிமத்து மென்பொருளோடும் சேர்த்து விநியோகிக்கலாம், எழுத்துரு மட்டும் ஓஎஃப்எல்லாகவே இருக்கும், தனியே விற்கக்கூடாது. அதில் அச்சிட்ட பில்லுக்கு எந்தத் தளையும் இல்லை. சில எழுத்துருக்களுக்கு ஒதுக்கிய பெயர் என்று ஒன்று அறிவித்திருப்பார்கள். ஆப்பின் அளவைக் குறைக்கத் தமிழ் எழுத்துகளை மட்டும் வைத்து மற்றதை வெட்டினால் அதுவும் திருத்தம்தான், அதே பெயரில் வெளியிடக்கூடாது. பெயரை மாற்றிவிடுங்கள், தீர்ந்தது.

தோட்டத்து வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எடுத்தால் 2012 செப்டம்பர் முதல் அதன் உரிமம், தரவுத்தளங்களுக்கான ஓடிபிஎல். படமாக வரைந்து காட்டினால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்று மூலத்தைக் குறிப்பிடும் வரி போதும். அந்தத் தரவோடு உங்கள் பாத்தி எல்லைகளைக் கலந்து ஒரே தரவுத்தளமாக்கி வெளியே கொடுத்தால் அந்தத் தரவுத்தளமும் ஓடிபிஎல்லில் போக வேண்டும். எல்லைகளைத் தனி அடுக்காக வைத்தால் கலப்பே நேராது.

தமிழ் விக்சனரியிலிருந்து சொற்பட்டியல் எடுப்பதில் கவனம். 2023 முதல் விக்கிமீடியா தளங்களின் எழுத்து சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, அதாவது மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அது ஜிபிஎல் 3-க்குள் ஒருவழியாக வரலாம் என்று 2015-ல் அறிவித்தார்கள். எம்பிஎல்லுக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஆகவே பட்டியல் மேல்தட்டில், தனித் தரவுக் கோப்பாக, தன் உரிமத்தோடு இருக்கட்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் நிரலாளர் கேள்வி-பதில் தளத்திலிருந்து வெட்டி ஒட்டுவதும் இதே குடும்பம்தான். 2018 மே 2-க்குப் பிந்தைய பதில்கள் 4.0, 2011 ஏப்ரல் 8 முதல் அதுவரை 3.0, அதற்கும் முன்னால் 2.5. பழைய இரண்டுக்கும் ஜிபிஎல்லுக்குள் வர அப்படி நேரடி வழி இல்லை. பதிலைப் படித்துப் புரிந்துகொண்டு சொந்தமாக எழுதுங்கள்.

உதவிப் பக்கங்களுக்கு சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 நல்லது. ஆனால் அதில் வரும் எடுத்துக்காட்டு நிரல்கள் சிசி0 (எந்த நிபந்தனையும் இல்லை) என்று தனியே சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதிய உதவிப் பக்கத்திலிருந்தே உங்கள் லைப்ரரிக்கு மற்றவர் நிரலை எடுத்துவர முடியாது.

எழுதி வைப்பது

ஒவ்வொரு கோப்பின் முதல் இரண்டு வரிகளில் பதிப்புரிமைக்காரர் பெயரும், எந்த உரிமம் என்று சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளமும். லைசென்சஸ் என்ற அடைவில் உரிம வாசகங்கள் முழுதாக. ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் முறை இதைத்தான் சொல்கிறது. ரீயூஸ் லின்ட் கட்டளை எந்தக் கோப்பில் விடுபட்டது என்று காட்டும். சார்புகளின் உரிமத்தைச் சரிபார்க்கப் பைத்தானில் பிப்-லைசென்சஸ், ரஸ்டில் கார்கோ-டெனி. லைப்ரரி ரெப்போவில் ஜிபிஎல், ஏஜிபிஎல் வந்தால் மென்பொருள் பில்டே தோற்கும்படி வைத்துவிடுங்கள். மனிதர்கள் கண்ணால் பார்த்துப் பிடிப்பார்கள் என்று நம்புவது வீண்.

எம்ஐடி நிரல்தானே என்று அலட்சியமாக இருப்பது இன்னொரு பொதுத் தவறு. அதன் ஒரே நிபந்தனை அறிவிப்பு வாசகத்தைக் கூடவே கொண்டுபோவது, அதைத்தான் ஆப்களில் விடுகிறார்கள். அமைப்புகள் பக்கத்தில் உரிமங்கள் என்று ஒரு திரை வையுங்கள். அப்பாச்சி சார்புகளில் நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதுவும் அங்கே வர வேண்டும்.

ஏற்கெனவே கலந்துவிட்ட திட்டங்களுக்கும் வழி உண்டு. எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை ஓட்டி, நகர்த்த வேண்டிய கோப்பில் யார் யாருடைய வரிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். கோப்பின் பெயர், பழைய உரிமம், புது உரிமம் மூன்றையும் சொல்லி ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேளுங்கள். பதிலைப் பொதுவில், ரெப்போவின் இஷ்யூ பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர் எழுதிய வரிகளை நீக்கிவிட்டு, அவற்றைப் பார்த்திராத ஒருவரிடம் தராசுக் கம்பெனியின் கையேட்டையும் சோதனைக்கான 10 மாதிரி வரிகளையும் மட்டும் கொடுத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். 40 வரிக்கு ஒரு மதியம் போதும்.